மலோனியின் நாற்காலி

கென் லோச் இயக்கிய ‘சாரி வி மிஸ்ட் யூ’ படத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை 2021இல். அப்போது கிள்ளானில் மோட்டாரில் உணவு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறை சென்ற ஆண்டு. இப்போது ஒரு விநியோக நிறுவனத்தில், வேன்களுக்குப் பாதை போட்டுக்கொடுக்கும் மென்பொருள் பிரிவில் பொறியாளன். முதல் முறை ரிக்கிக்காக அழுதேன். இரண்டாவது முறை அழுகை வரவில்லை. மலோனி பேசும் ஒரு காட்சியில் படத்தை நிறுத்திவிட்டு, சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019இல் வந்த படம். இங்கிலாந்தின் நியூகாசல் நகரம். ரிக்கி டர்னர் கட்டுமான வேலைகள் அத்தனையும் பார்த்தவன். கூரை, வடிகால், குழாய், மண் வெட்டுவது என எல்லாம் தெரியும். 2008ஐ ஒட்டிய நிதி நெருக்கடியில் சொந்த வீட்டுக் கனவை இழந்த குடும்பம். இனி யாருக்கும் கைகட்டி வேலை செய்ய வேண்டாம், சொந்தத் தொழில் போல இருக்கும் என்று பார்சல் டெலிவரிக்கு வருகிறான். வேன் அவனே வாங்க வேண்டும். முன்பணத்துக்கு மனைவி அப்பியின் காரை விற்கிறார்கள். அப்பி வீடு வீடாகப் போய் முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிப்பவள். கார் போன பிறகு பஸ்ஸில் அலைகிறாள். மகன் செப் சுவரில் ஓவியம் வரைந்துவிட்டுப் பள்ளியைத் தவறவிடுகிறான். மகள் லைசாவுக்குத் தூக்கம் வருவதில்லை. டிப்போவின் மேலாளர் மலோனி. படத்தின் பெயரே, வீட்டில் ஆளில்லாதபோது டெலிவரிக்காரர் விட்டுவிட்டுப் போகும் அட்டையில் இருக்கும் வாசகம்தான்.

நம்மிடையே ஒரு பழக்கம் இருக்கிறது. இந்த மாதிரிப் படம் என்றால் உடனே ‘முதலாளித்துவம் மனிதனைத் தின்கிறது’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். அதில் தப்பில்லை. ஆனால் எப்படித் தின்கிறது, எந்தப் பல்லால் தின்கிறது என்று சொல்லாவிட்டால் அது விமர்சனம் ஆகாது, துண்டறிக்கை. லோச்சும் அவருடைய திரைக்கதையாளர் பால் லாவர்ட்டியும் அந்தப் பல்லைக் காட்டுகிறார்கள். ரிக்கியிடம் ஒரு ஸ்கேனர் கொடுக்கப்படுகிறது. டிப்போவில் அதைத் துப்பாக்கி என்கிறார்கள். பார்சலை ஸ்கேன் செய்யும், பாதை காட்டும், வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்பும். வேனை விட்டு இறங்கி இரண்டு நிமிடம் ஆனால் சத்தம் போடும். அனுபவமுள்ள ஒரு டிரைவர் முதல் நாளே ரிக்கியின் கையில் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுக்கிறான். மூத்திரம் பெய்வதற்கு. ரிக்கி சிரிக்கிறான். நானும் சிரித்தேன், ஏனென்றால் அந்தப் பாட்டில் எனக்கும் தெரியும். நோன்பு மாதத்தில் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை எவனும் கழிப்பறையைத் தேடிப் போக மாட்டான்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அந்த ஆண்டு நடுவில் மலாக்காவில் என் படிப்பு முடிந்தது. பட்டமளிப்பு விழா இல்லை, நேர்முகத் தேர்வு இல்லை. விண்ணப்பித்த இடங்களில் பாதி பதிலே போடவில்லை. ஆகஸ்டில் அப்பாவின் ஹோண்டா இஎக்ஸ்5ஐ எடுத்துக்கொண்டு இறங்கினேன். அம்மா பக்கத்து வீட்டில் ‘தற்காலிகமா’ என்று சொன்னார். தற்காலிகம் பதினான்கு மாதம் நீண்டது.

முதல் வாரம் நாளைக்குப் பத்துப் பதினொரு ஆர்டர்தான் முடிந்தது. மூன்றாவது மாதம் இருபத்தைந்தைத் தாண்டினேன். மோட்டார் அதேதான், செயலியும் அதேதான். மாறியது நான். எந்த மாமாக் கடையில் ‘அஞ்சு நிமிசம்’ என்றால் இருபது நிமிடம் என்று தெரிந்தது. எந்தக் கொண்டோவின் ஜாகா அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார், எந்த ஜாகா தலையாட்டி விடுவார், எந்த பிளாட்டில் சி புளோக்குக்குப் போக ஏ புளோக்கின் பின்பக்கம் நுழைய வேண்டும், எந்த லிப்ட் ஞாயிற்றுக்கிழமைதான் கெட்டுப்போகும். சூப்பையும் நாசி லெமாக்கையும் ஒரே பையில் எப்படி நிறுத்தி வைப்பது. மழைக்கு முன்னால் எந்தப் பக்கம் ஒதுங்கினால் மழைக்குப் பின்னால் முதல் ஆர்டர் கிடைக்கும். இதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. நான்கு ஆண்டு பொறியியல் படித்துவிட்டு நான் முதன்முதலாக ஒரு வேலையில் கெட்டிக்காரன் ஆனது அங்கேதான். இதைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் உண்மை.

லோச்சின் படத்தில் எனக்குக் குறையாகப் படுவது இங்கேதான் தொடங்குகிறது. ரிக்கி கெட்டிக்காரன் ஆவதைப் படம் காட்டுவதில்லை. தொடக்கத்தில் சில நல்ல நாட்கள் வருகின்றன. லைசா ஒரு சனிக்கிழமை அப்பாவோடு வேனில் போகும் பகுதி அழகானது. மற்றபடி ரிக்கி ஓடுகிறான், வியர்க்கிறான், திட்டு வாங்குகிறான். இந்த வேலையைத் திறன் தேவையில்லாத வேலையாகத்தான் படமும் பார்க்கிறது. அந்த ஒரு விஷயத்தில் மலோனியின் பார்வையும் லோச்சின் பார்வையும் ஒன்றுதான். ஆனால் பொறி இருப்பது இந்தத் திறனில்தான். நீ கெட்டிக்காரன் ஆகிறாய், வேகம் கூடுகிறது, வருமானம் கொஞ்சம் கூடுகிறது, ‘நம்ம கையில இருக்கு’ என்ற எண்ணம் வருகிறது. பிறகு அந்த வேகமே எல்லாருக்குமான அளவாகிறது. நான் கண்டுபிடித்த பின்பக்க வழி என் கைப்பேசி அனுப்பிய இருப்பிடப் புள்ளிகளில் கோடாகப் பதிந்தது. என்னைப் போல நூறு பேர் அதே கோட்டைப் போட்டதும் அது வரைபடத்தின் பாதையானது. அடுத்து வருகிறவனுக்கு அந்த வழியைக் கண்டுபிடிக்கும் தேவை இல்லை. அவனுக்கு என்னைவிடக் குறைவாகக் கொடுத்தாலும் போதும். திறன் அழியவில்லை, இடம் மாறியது. என் கையிலிருந்து அவர்கள் சர்வருக்குப் போனது. அதற்கு நான் ரசீது கேட்கவில்லை.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். பந்திங் பக்கம் ஒரு தோட்டம். இப்போது அங்கே செம்பனைகூட இல்லை, வீடமைப்புத் திட்டம். பட்டையை எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும், மரத்துக்குக் காயம் படாமல் எப்படி வெட்டுவது என்று கையால் காற்றில் வெட்டிக் காட்டுவார். நிரை நிரையாகத் தன் மரங்களைத் தெரியும். அந்தத் திறனைத் துரையாலும் கிராணியாலும் பாட்டியின் கையிலிருந்து கழற்றிக்கொண்டு போக முடியவில்லை. கூலியைக் குறைக்க முடிந்தது. தராசில் ஏமாற்ற முடிந்தது. கைப்பழக்கத்தை எடுத்துப் பக்கத்து லயத்துக்காரிக்குக் கொடுக்க முடியவில்லை.

இதனால்தான் ‘செயலிதான் புதிய கங்காணி’ என்று யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல் வருகிறது. அண்மையில் நண்பர்கள் சிலர் எழுதிய ரைடர் கதைகளை வாசித்தேன். பாதிக் கதைகளில் இந்த வரி ஏதோ ஒரு வடிவத்தில் இருந்தது. மீதியில் மழை, ரத்து செய்யப்பட்ட ஆர்டர், பசித்த ரைடர் அந்தச் சோற்றையே அழுதுகொண்டே சாப்பிடுவது. மலேசியத் தமிழனுக்குத் தோட்டம் ஒரு கைவசமான உவமை. எந்தத் துன்பத்தைக் கண்டாலும் எடுத்து ஒட்டிவிடலாம். கங்காணி மூலம் ஆள் எடுக்கும் முறை, 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவியுடன் கூடிய குடியேற்றத்தைத் தடைசெய்தபோதே முடிந்துபோனது. அதற்குப் பிறகும் கங்காணி, மண்டோர் என்ற பெயர்கள் தோட்டத்தில் இருந்தன. ஆனால் அவர்கள் ஆட்கள். பெரட்டுக்களத்தில் நிற்பார்கள். கோவில் திருவிழாவில் முன்வரிசையில் உட்காருவார்கள். அவர்களைச் சபிக்கலாம், கேலி செய்து பாடலாம், பெண் கொடுக்க மறுக்கலாம். ஒரு இரவு இருட்டில் அடிக்கலாம், அடித்திருக்கிறார்கள். செயலியை என்ன செய்வது? உவமை சரியாகப் பொருந்தாத இடத்தில்தான் புதிய விஷயம் இருக்கிறது. எழுதுகிறவன் அங்கே போய் நிற்க வேண்டும்.

தோட்டத்திலிருந்து நாம் எடுக்க வேண்டியது வேறு ஒன்று என்று நினைக்கிறேன். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் அதில் முக்கியமானவர். பிறகு அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது, உயிர்கள் போயின. கூலி உயர்வு, பள்ளிக்கூடம், மருத்துவம், கள்ளுக்கடையை மூடுவது என்று இருந்த கோரிக்கைகளுக்கு நடுவே ஒன்று: துரையையும் மேல் பணியாளர்களையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் கூடாது. நான் இதை முதலில் வாசித்தது ஒரு கொண்டோவின் கார்டு ஹவுஸுக்கு வெளியே, மோட்டாரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தபோது. அங்கே கார்கள் உள்ளே போகலாம், ரைடர் போகக் கூடாது. இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, நடந்து போக வேண்டும். அந்த விதியை எந்தத் துரையும் போடவில்லை. குடியிருப்பாளர் சங்கத்தின் கூட்டத்தில் கையைத் தூக்கிப் போட்ட விதி. அந்தச் சங்கத்தில் நம்மவர்களும் இருந்தார்கள். எண்பது ஆண்டுக்கு முன் கிள்ளான் தொழிலாளி இறங்க மாட்டேன் என்று சொன்ன அதே வட்டாரத்தில் நான் இறங்கி நடந்தேன். கையில் இரண்டு பெட்டி சிக்கன் சாப். இந்தக் காட்சியை யாரும் இன்னும் கதையாக எழுதவில்லை. நான் எழுதிப் பார்த்தேன். நன்றாக வரவில்லை.

படத்துக்குத் திரும்புகிறேன். மலோனியின் அந்தப் பேச்சு. ரிக்கி விடுப்பு கேட்டு வருகிறான். வீட்டில் பிரச்சினை. மலோனி அவனைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் தத்துவத்தைச் சொல்கிறான். வாடிக்கையாளர் யாராவது உன்னைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்களா? நீ தூக்கத்தில் வேனைப் பஸ்ஸில் மோதினாலும் அவர்களுக்குக் கவலையில்லை. அவர்களுக்கு வேண்டியது விலை, நேரம், கையில் பொருள். எல்லாக் கோபத்தையும் புகாரையும் நான் உறிஞ்சிக்கொள்கிறேன், அதைக் கொண்டு இந்த டிப்போவைச் சுற்றிக் கவசம் செய்கிறேன். இந்த டிப்போ முன்னணியில் இருப்பதற்குக் காரணம் நான் அந்தக் கறுப்புப் பெட்டியைச் சந்தோஷமாக வைத்திருப்பது. இதுதான் சாரம்.

முதல் முறை இது வில்லனின் வசனமாகத் தெரிந்தது. இரண்டாவது முறை கேட்டபோது ஒரு பொய்யும் அதில் இல்லை என்று பட்டது. அவன் எண்களை உண்டாக்குவதில்லை. எண்கள் மேலேயிருந்து வருகின்றன. அவன் அவற்றுக்கு ஓர் உடம்பு கொடுக்கிறான். மொட்டைத் தலையும் பருத்த கழுத்துமாக நிற்கிறான். ரிக்கிக்குக் கத்துவதற்கு ஒரு முகமாவது இருக்கிறது. மருத்துவமனையில் அப்பி கைப்பேசியைப் பிடுங்கி மலோனியைத் திட்டித் தீர்க்கிறாளே, அந்தக் காட்சிக்கு எதிர்முனையில் ஒரு ஆள் வேண்டும். திட்டிய பிறகு அவள் வெட்கப்படுகிறாள். தான் பராமரிப்பு வேலை செய்கிறவள், இப்படிப் பேசுகிறவள் இல்லை என்று சொல்லி அழுகிறாள். படத்தின் ஆகச் சிறந்த இடம் அது. நம் ஊரில் ஒரு ரைடரின் மனைவிக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனக்கு விபத்து நடந்த நாளில் அம்மா யாரைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பார்? செயலியில் ஒரு அரட்டைப் பெட்டி இருந்தது. ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஆங்கிலத்தில் வந்தது. கூடவே ஐந்து நட்சத்திரம் தரச் சொன்னது.

நந்திதா தாஸின் ‘ஸ்விகாட்டோ’ இந்த முகமின்மையைத் தொட முயன்ற படம். 2022இல் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்டது. புவனேஸ்வரில் தொழிற்சாலை மேற்பார்வையாளர் வேலையை இழந்த மானஸ் உணவு டெலிவரிக்கு வருகிறான். நகைச்சுவைக்காரரான கபில் ஷர்மாவை நடிக்க வைத்தது நல்ல முடிவு. மற்றவர்களைச் சிரிக்க வைத்தே பழகிய முகம், மதிப்பெண்ணுக்காகச் சிரிக்கும்போது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. நட்சத்திரத்துக்குப் பயந்து வாழும் ஒருவனின் சின்னச் சின்ன அவமானங்களை நந்திதா தாஸ் நன்றாகப் பிடிக்கிறார். லோச்சைப் போலத் துன்பத்தை அடுக்குவதில்லை. ஆனால் படம் மென்மையாகவே நடந்து மென்மையாகவே முடிகிறது. வெளியே வந்தால் யார் மீதும் கோபம் வருவதில்லை.

லோச்சின் பிரச்சினை நேர் எதிரானது. இரண்டாம் பாதியில் எல்லாம் ஒரே வீட்டில் விழுகிறது. பையனின் திருட்டு, வேன் சாவி காணாமல் போவது, கொள்ளையர்கள் அடிப்பது, அந்தப் பாட்டிலிலிருந்த மூத்திரத்தையே அவன் மேல் ஊற்றுவது, உடைந்த ஸ்கேனருக்கு ஆயிரம் பவுண்டு. ஒவ்வொன்றும் நடக்கக்கூடியதுதான். சேர்த்துப் பார்த்தால், கொள்ளையர் வராமலிருந்தால் ரிக்கி தப்பித்திருப்பான் என்று பார்வையாளன் நினைக்க இடம் கிடைத்துவிடுகிறது. தப்பித்திருக்க மாட்டான். எதுவும் தவறாக நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமையில்தான் இந்த வேலை ஆளைத் தின்கிறது. அதைப் படமாக்குவது கஷ்டம் என்று தெரியும். ஆனால் அப்பியின் பகுதிகளில் அவர்களே அதைச் செய்திருக்கிறார்கள். ஒரு மூதாட்டி அப்பியின் வேலை அட்டவணையைப் பார்க்கிறாள். காலை ஏழரையிலிருந்து இரவு ஒன்பது வரை. எட்டு மணி நேர வேலைக்கு என்ன ஆனது என்று கேட்கிறாள். அந்த மூதாட்டி 1984 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது சமையற்கூடத்தில் நின்றவள். அவ்வளவுதான் காட்சி. யாரும் அடிபடவில்லை, யாரும் கத்தவில்லை. கொள்ளைக் காட்சியைவிட எனக்கு இது அதிகம் வலித்தது.

இனி நான் தண்ணீர் குடிக்கப் போன காரணம்.

வேன்களுக்குப் பாதை போடுவது பழைய கணக்கு. 1959இல் டான்சிக், ராம்சர் என்ற இருவர் பெட்ரோல் லாரிகளை வைத்து முதலில் எழுதியது. எத்தனை வேன், எத்தனை வீடு, எந்த வரிசையில் போனால் தூரம் குறையும். கணக்கு அழகானது. பல்கலைக்கழகத்தில் எனக்குப் பிடித்த பாடம். நடைமுறையில் தூரத்தைவிடத் தொல்லை கொடுப்பது இன்னொன்று: ஒரு வீட்டில் வேன் எவ்வளவு நேரம் நிற்கும். இந்த நிறுத்த நேரத்தைக் கணினிக்கு யாராவது சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் அது என் வேலை. பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை இரண்டிலிருந்து நான்கு நிமிடம். கொஞ்சம் ஒன்பது, பத்து, பன்னிரண்டு. வழக்கப்படி எட்டு நிமிடத்துக்கு மேல் உள்ளவற்றை அவுட்லையர் என்று வெட்டிவிட்டு சராசரி எடுத்தேன். மூன்று நிமிடம் வந்தது. மேலாளருக்கு மகிழ்ச்சி. ஒரு வேனுக்கு நாளைக்கு எட்டு பார்சல் கூடுதலாகப் போட முடிந்தது.

அந்தப் பன்னிரண்டு நிமிடங்கள் எங்கே இருந்தன என்று நான் வரைபடத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். லிப்ட் இல்லாத ஐந்து மாடி பிளாட்டுகள். இருப்பிடக் கருவிக்குத் தரையில் நீ எங்கே நிற்கிறாய் என்று தெரியும், எத்தனையாவது மாடியில் மூச்சு வாங்குகிறாய் என்று சரியாகத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். அந்தப் படிகளில் 2020இல் நான் ஏறியிருக்கிறேன். நான்காவது மாடியில் மூலையில் ஒரு உடைந்த படி. கைப்பிடிச் சுவரில் யாரோ ஓம் எழுதியிருப்பார்கள். அதெல்லாம் தெரிந்த ஒருவன், நாற்காலியில் உட்கார்ந்து அதற்கு அவுட்லையர் என்று பெயர் வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து டிப்போவுக்கு ஒரு வேலையாகப் போனபோது ஒரு டிரைவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஐம்பதைத் தாண்டியவர், தோட்டத்திலிருந்து வந்தவர். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினார். தாமதம், தாமதம், தாமதம் என்று சிவப்பில் வரிசையாக இருந்தது.

“தம்பி, நீங்கதான் கம்ப்யூட்டர் பக்கமா? இந்த மூணு நிமிசத்த யாரு போட்டது?”

“அது சிஸ்டம்ணே,” என்றேன்.

வாயில் தானாக வந்தது. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால்கூட மரியாதை. அவர் தலையாட்டினார். “சிஸ்டம்னா சரி” என்று தாளைத் திரும்ப மடித்தார். அந்த வாரக் கடைசியில்தான் படத்தை மறுபடி போட்டேன். மலோனி குறைந்தபட்சம் ‘நான்’ என்று சொல்கிறான். கறுப்புப் பெட்டியைச் சந்தோஷமாக வைத்திருப்பது நான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறான். அந்த நேர்மைகூட என்னிடம் இல்லை. லோச்சின் படத்தில் இல்லாத பாத்திரம் நான்தான். ஸ்கேனருக்கு இரண்டு நிமிடம் என்று எழுதியவன். அவனுக்கும் வீட்டுக் கடன் இருக்கும். அவன் அப்பாவும் எங்காவது சுரங்கத்தில் வேலை பார்த்திருப்பார். ஏன் மூன்று இல்லை, ஏன் ஐந்து இல்லை என்று ஒரு கூட்டத்தில் பத்து நிமிடம் பேசியிருப்பார்கள். பிறகு பசியாறப் போயிருப்பார்கள்.

இது மேற்கத்திய நாட்டுக் கதை, நமக்குத் தாமதமாக வருகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்று கிரேப் என்று இருப்பது 2012இல் மைடெக்சியாக மலேசியாவில் பிறந்தது. 2018இல் ஊபரின் தென்கிழக்காசியத் தொழிலையே வாங்கியது. தலைமையகம் சிங்கப்பூரில், பங்கு அமெரிக்கச் சந்தையில். இதை எழுதுகிறவர்களில், இதற்குக் குறியீடு எழுதுகிறவர்களில், தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். மோட்டாரில் ஓடுகிறவர்களிலும் இருக்கிறோம். தோட்டத்தில் துரை வேறு, நாம் வேறு. இங்கே ஒரே குடும்பத்தில் அண்ணன் ரைடர், தம்பி புரோகிராமர். நம் புனைகதைக்குக் கிடைத்த புதிய நிலம் இது. நாம் இன்னும் ரைடரை மழையில் நனைய விட்டுக்கொண்டிருக்கிறோம்.

சட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. சிங்கப்பூரில் தளத் தொழிலாளர் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. வேலையில் காயம்பட்டால் இழப்பீடு உண்டு. 1995 ஜனவரி 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு மத்திய சேமநிதியும் கட்டாயம். மலேசிய நாடாளுமன்றமும் 2025இல் கிக் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. நல்லது. நான் விழுந்த நாளில் அது இருந்திருந்தால் அம்மாவுக்கு ஒரு தொலைபேசி எண்ணாவது கிடைத்திருக்கும். ஆனால் மூன்று நிமிடத்தை யார் போட்டது என்ற அண்ணனின் கேள்விக்கு ஒரு பெயரைப் பதிலாகச் சொல்லும் பழக்கம் சட்டத்தால் மட்டும் வருமா என்று எனக்குச் சந்தேகம்.

லிப்ட் இல்லாத கட்டடங்களுக்குத் தனி நேரம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கட்டட வகைகளைக் கையால் குறித்து ஒரு பட்டியல் தயாரித்தேன். ஏழு நிமிடம் கேட்டேன், ஐந்து கிடைத்தது. கூடுதலாகப் போட்ட எட்டு பார்சல் குறையவில்லை, அதை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே இன்னொரு டிரைவர் ஓடுகிறார்.

போன மாதம் அந்த அண்ணனோடு டிப்போவுக்கு எதிரே உள்ள கடையில் தே தாரிக் குடித்தேன். மூன்று நிமிடத்தைப் போட்டது நான்தான் என்று அன்றைக்குத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “தெரியும் தம்பி” என்றார். பிறகு பேச்சை மாற்றுவதற்காக நான் படத்தின் கதையைச் சொன்னேன். ஸ்கேனர், பாட்டில், பையன், அடி, மருத்துவமனை எல்லாம். லைசா வேன் சாவியை ஒளித்துவைப்பது, சாவி இல்லாவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அந்தப் பிள்ளை நினைப்பது. கடைசியில் காயத்தோடு ரிக்கி வேனை எடுத்துக்கொண்டு கிளம்புவது, குடும்பமே மறிப்பது. எனக்குக் குரல் கொஞ்சம் உடைந்தது. அவர் உன்னிப்பாகக் கேட்டார். அவருக்கு அடிதடியில் அக்கறை இல்லை.

“மொதல்ல பொண்டாட்டி காடிய வித்தான்னு சொன்னீங்களே, அத எப்பத் திருப்பி வாங்குனான்?”

“வாங்கலண்ணே. அதுக்கப்புறம் அந்தம்மா கடைசி வரைக்கும் பஸ்லதான்.”

அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். பிற்பகல் ஓட்டத்துக்கு நேரமாகியிருந்தது.